கடைசிப் பக்கத்தில் அக்கா

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதுதான் உலக வழக்கம். கண்டியில் நாங்கள் படக்கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தோம். மதராஸிலிருந்து மாதாமாதம் வரும் அந்த மெலிந்த புத்தகத்தின் பின்னட்டையில் 'வரப்போகிறவை' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அடுத்து வரும் கதைகளைப் பற்றிப் பதிப்பகத்தார் அளந்துவிட்டிருப்பார்கள். மார்க்கெட் பக்கம் புத்தகக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா, பார்சலைப் பிரித்ததும் அதைத்தான் உரக்க வாசிப்பார். கடைவாசலில் நிற்பவர்கள் கேட்டுவிட்டு, புத்தகத்தை வாங்காமலே கதை எப்படிப் போகும் என்று சண்டை பிடித்துக்கொண்டு போவார்கள்.

நான் அப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். விலை அட்டை எழுத வேண்டியது என் பொறுப்பு. அட்டையின் மறுபுறம் படம் போட்டு முதலாளியிடம் ஏச்சு வாங்குவதும் கிட்டத்தட்ட என் பொறுப்புதான். பொறுமை என்று ஒன்று எனக்குப் பிறவியிலேயே கிடையாது. சோறு வேகுமுன் நாலு தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான்.

அப்படிப்பட்டவன் ஒரு படக்கதை வரைந்து அந்தப் பதிப்பகத்துக்கே அனுப்பிவிட்டேன். கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி, தேயிலைப் பெட்டி திருடும் கூட்டத்தை மலையெல்லாம் துரத்திப் பிடிக்கிற கதை. அவளுக்கு நான் கொடுத்தது என் அக்காவின் முகம்.

அக்கா கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் சரிவில் வழுக்கி, கவ்வாத்தில் கிளை நறுக்கிய செடியின் கூர்முனையில் விழுந்து, இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழிருந்து வாயோரம் வரை ஒரு தழும்பு. மாதா கோயில் திருநாளுக்குக் கண்டிக்கு வந்தபோது ஆசையாகப் போட்டோ எடுக்கப் போனோம். போட்டோக்காரர் அவள் முகவாயைப் பிடித்து, தழும்பு தெரியாதபடி மறுபக்கம் திருப்பி வைத்தார். அக்கா எழுந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாருக்கும் அவள் முகத்தைக் காட்டி நின்றதில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கும்தான்.

நான் வரையப் போகிறேன் என்றதும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "தழும்போட வரைஞ்சா வரை. மறைக்கிறதா இருந்தா என்னைய வுட்டுரு."

தழும்போடுதான் வரைந்தேன். சந்தேகம் வராதபடி இரண்டு கோடு தடிப்பாகவே போட்டேன்.

ஒரு மாதம் நானா பின்னட்டையை வாசித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். "தம்பி, இது நீங்கதானே? 'கண்டி மலையிலிருந்து ஒரு வீராங்கனை! அடுத்த மாதம் வருகிறாள்!'" எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிப் போய் அக்காவிடம் காட்டினேன். அவள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி வரைக்கும் விஷயம் போய்விட்டதாம்.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. 'தவிர்க்க முடியாத காரணத்தால்' என்று ஒரு வரி. அதற்கடுத்த மாதமும் அதே வரி, கூடவே விளம்பரம் மட்டும் கொஞ்சம் கொழுத்திருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் சேலை எடுக்க வந்தவளுக்கு வேட்டியை எடுத்துப் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க நானாவின் கடைவாசலில் கழிந்தது.

"பார்சல் கப்பல்ல வந்து, பொறகு ரயில்ல ஏறி வரணும் தம்பி. நீங்க வந்து வந்து பாத்தா ரயில் ஓடுமா?" என்பார் நானா. ஓடாதுதான். ஆனாலும் போய் நின்றேன்.

பிறகு வந்த பின்னட்டையை நானாவிடமிருந்து வாங்கி மறுபடி மறுபடி வாசித்தேன். 'மாசு மருவற்ற நிலவு முகத்தாள்! நிச்சயமாக அடுத்த மாதம்!' மாசு மருவற்ற முகமா? யாரைச் சொல்கிறார்கள்? தழும்பை அழித்துவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அந்தப் போட்டோக்காரரின் கை மதராஸ் வரை நீண்டு அக்காவின் முகவாயைப் பிடித்ததுபோல் ஆத்திரம் வந்தது. தழும்பில் கை வைக்காதீர்கள் என்று காகிதம் எழுதிப் போட்டேன். பதில் இல்லை. இதற்கிடையில் தோட்டத்திலிருந்து யாராவது கண்டிக்கு வந்தால் "ஒங்கக்கா கேக்கச் சொன்னுச்சு, பொஸ்தகம் வந்திருச்சா?" என்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்ல? 'அடுத்த மாதம்' என்று நானும் பதிப்பகத்தார் மாதிரியே சொல்லி அனுப்பினேன்.

ஒருவழியாகப் பார்சல் வந்தது. நானா பின்னட்டையை வாசிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. கையிலிருந்து பிடுங்கிப் புரட்டினேன். தழும்பு இருந்தது! ஒரு நிமிஷம் சந்தோஷம். அப்புறம் பார்க்கிறேன், வலது கன்னத்தில் இருக்கிறது. முந்தானை தோள் மாறியிருந்தது. நான் இடப்பக்கம் வரைந்த மலை வலப்பக்கம் எழும்பி நின்றது. படம் முழுக்கப் பக்கம் மாறிக் கிடந்தது.

நானா தன் கடை ரப்பர் முத்திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி இருந்தது. "இப்பிடிப் பக்கம் மாத்தி வெட்டினாத்தான் காகிதத்துல நேரா விழும். அங்க அச்சுக் கட்டை வெட்டினவர் நீங்க வரைஞ்சதப் பாத்து அப்பிடியே வெட்டிட்டாரு போல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை மாதம் காத்திருந்தது இதற்கா? இல்லாத தழும்பும் ஒன்றுதான், இடம் மாறின தழும்பும் ஒன்றுதான். அது அக்கா இல்லை, வேறு யாரோ. காட்டாமலே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் லயம் முழுக்கக் காத்திருந்தது. பேராதனை வழியாகக் கலஹா போகும் பஸ்ஸில் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பதிப்பகத்தாரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

அக்கா வேலை முடிந்து வந்து கூடையை இறக்கியிருந்தாள். புத்தகத்தை நீட்டியபடியே ஆரம்பித்தேன். "கோவிச்சுக்காத அக்கா. அவனுக கெடுத்துப்புட்டானுக. தழும்பு பக்கம் மாறிப்போச்சு."

அவள் அதை வாங்கிக்கொண்டாள். வெளிச்சத்துக்காக வாசலுக்கு வந்து, படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த ரசம் போன கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஒரு கையில் கண்ணாடி, ஒரு கையில் புத்தகம். இதையும் அதையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"என்னாடா மாறிப்போச்சு? அச்சு அசல் நான்தானே இது! தெனம் காலைல தலை சீவுறப்ப இவளத்தானே பாக்குறேன்."

அவள் என் தலையில் புத்தகத்தால் லேசாகத் தட்டினாள்.

"நீதான் மாத்தி வரைஞ்சிருக்க."

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். அக்கா புத்தகத்தை விரித்து, தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் நேராக நின்றாள்.