அக்கா மறைத்த மாத்திரை

துணிக்கடை வாசலில், வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பதுதான் என் அக்காவுக்கு வேலை. கடையில் அவளுக்கு ‘எக்ஸ்ரே’ என்று பெயர். அங்கே சந்தேகப்படச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் அதை ஓசியிலேயே செய்தாள். கல்யாணம் வேண்டாமென்று எங்களோடு இருப்பவள், பால்காரரிலிருந்து என் மனைவி வரை யாரையும் விட்டுவைத்ததில்லை.

நாளெல்லாம் நின்று நின்று அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எலும்பு டாக்டர் தசை இறுக்கம் தளர மாத்திரை எழுதினார்.

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?”

“ஒண்ணும் இல்லையே” என்றாள் அக்கா. காசு பிடுங்க ஏதோ டெஸ்டுக்கு அடி போடுகிறார் என்பது அவள் கணக்கு. சிறுநீர் எரிச்சலுக்கு வேறொரு டாக்டர் கொடுத்த ஆண்டிபயாடிக் அப்போது அவள் கைப்பையில்தான் இருந்தது. எங்களிடமும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாளிலிருந்து அக்கா எழுந்தால் தள்ளாடினாள். உட்கார்ந்தால் தூங்கி விழுந்தாள். டீ டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு என் மனைவியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இதுல என்ன கலக்குற? நான் படுத்துட்டா என் ரூம் உனக்கு, அதானே?”

“என்ன பேச்சு பேசுறீங்க, அண்ணி?”

“எத்தனை பேரைப் பார்த்தவ நான்! திருட்டு முழி எனக்குத் தெரியாதா?”

அக்காவிடம் கத்தினேன். என் மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போகத் துணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

அதற்குள் குளியலறை வாசலில் அக்கா சுருண்டு விழுந்தாள். ஓடிப்போய்த் தாங்கியது என் மனைவிதான். ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் பாதாளத்தில் இருந்தது. என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டாக்டரம்மா கேட்க, எனக்குத் தெரிந்த இடுப்பு மாத்திரையை மட்டும் சொன்னேன். என் மனைவி அக்காவின் கைப்பையை எடுத்து மேஜையில் கொட்டினாள். ஊரார் பையையெல்லாம் துழாவியவளின் பையை இன்னொருவர் திறந்தது அன்றுதான்.

“இந்த ரெண்டும் சேரவே கூடாது” என்றார் டாக்டரம்மா. “இந்த ஆண்டிபயாடிக், இடுப்பு மாத்திரையை உடம்புலயே தேங்க வச்சிடும். பிரஷர் விழுந்துடும். டாக்டர்கிட்டகூடவா சொல்லல?”

அக்கா தேறிக் கண் விழித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“தப்புப் பண்ணிட்டேன்மா. இனிமே உன்னைச் சந்தேகப்படவே மாட்டேன். போயிடாத.”

“போகல, அண்ணி. ஆனா நீங்க சொல்றதை நான் நம்பல.”

அக்கா தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?