வெடிச் சத்தத்துக்குப் பழகிய கோழி

என் வீட்டுக்காரர் சிவகாசிக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். ஒரு நாள் காலையில் லோடு ஏற்றுவதைப் பார்க்க வாசல் பக்கம் வந்திருந்தபோது, பின்னால் மருந்து கலக்கும் அறை வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. அதில் ஒருவர் இவருடன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒன்றாக வேலை பார்த்தவர், இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இவர் மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே அவருடைய அடக்கம் முடிந்துவிட்டது.

தீக்காயம் ஆறியது. வெடியில் போன காது திரும்பவில்லை. விபத்துக்கு இவர் காரணமில்லை என்று விசாரணையிலும் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தபின் இவர் பேச்சையே விட்டுவிட்டார். கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் காலண்டர் அச்சடிக்கும் இடத்தில் பைண்டிங் வேலைக்குப் போகிறவள். காலையில் நான் போகும்போது எப்படி உட்கார்ந்திருந்தாரோ, சாயங்காலம் வரும்போதும் அப்படியே இருப்பார். மூடி வைத்துவிட்டுப் போன சோறு பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்.

பகலில் இவர் கண்ணெதிரே ஏதாவது ஓர் உயிர் நடமாட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நாய் வளர்க்கலாம் என்றான் சென்னையில் இருக்கும் மகன். குரைப்பது கேட்காதவருக்கு நாய் எதற்கு? கோழி என்றால் காலடியில் மேயும், பார்த்துக்கொண்டிருக்கலாம். தினம் முட்டை கொடுக்கச் சொல்லி டாக்டரும் சொல்லியிருந்தார்.

எந்தக் கோழி என்பதில்தான் குழப்பம். கூட வேலை பார்க்கும் பெண்களிடம் கேட்டேன். கருங்கோழி உடம்புக்கு நல்லது என்றாள் ஒருத்தி, ஆனால் அது அடையில் உட்காராது என்றாள் இன்னொருத்தி. கின்னிக்கோழி பாம்பு வந்தால் கத்தித் தெருவையே கூட்டும் என்றார்கள். இவருக்குக் கேட்காது, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத்தான் கேட்கும். கடைசியில் நிறைய முட்டை இடும் என்ற ஒரே காரணத்துக்காக, விருதுநகர்ச் சந்தையில் பண்ணைக்கோழிகள் வாங்கினேன். வெள்ளை வெளேரென்று, சிவந்த கொண்டையோடு பார்க்க அழகாக இருந்தன. இவரும் நாற்காலியைச் சுவரிலிருந்து திருப்பிப் போட்டுக்கொண்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

எங்கள் பகுதியில் தீபாவளி சீசன் நெருங்க நெருங்க, செய்த வெடிகளைப் பொட்டலில் வைத்து வெடித்துப் பார்ப்பார்கள். காலங்காலமாகக் கேட்கும் சத்தம் என்பதால் எங்களுக்கெல்லாம் அது காதில் ஏறுவதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அப்படி ஒரு வெடி வெடித்தது. கோழிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் மேலே எழும்பி, கம்பி வலையில் மோதி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. இவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எங்கன? எங்கன வெடிச்சிச்சு?" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினார்.

பின்னால் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். அவர் முகத்துக்கு நேரே நின்று, உதட்டை அசைத்து, "டெஸ்ட்டுங்க, டெஸ்ட்டுதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். காது போன நாளிலிருந்து எந்த வெடியும் அவரை வந்து தொடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வாங்கி வந்த கோழிகள் அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்து அவர் கண்ணில் காட்டிவிட்டன.

அதன்பிறகு அவர் நாள் முழுவதும் கோழிகளின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை வெடுக்கென்று தலையைத் தூக்கினால் போதும், எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கோழிகளும் பயத்தில் ஓடு பிடிக்காத தோல்முட்டைகளாக இட்டன. விருதுநகரிலிருந்து வேலைக்கு வரும் தோழி ஒருத்தியிடம் அவற்றை ஒப்படைத்துவிட்டேன். அவள் வீட்டுப் பக்கம் வெடி கிடையாது.

மல்லாங்கிணற்றில் என் அண்ணன் வீடு இருக்கிறது. மதினி வருசக்கணக்காகக் கோழி வளர்க்கிறவர். போய் அழுதேன்.

"எம்புட்டு முட்டை இடும்னு விசாரிச்சே, அது என்ன குணம்னு விசாரிச்சியா தாயி?" என்றார் மதினி. "எங்கிட்ட இருக்கிற சிறுவிடை நாட்டுக்கோழியப் பிடிச்சுட்டுப் போன்னு சொல்லிருவேன். ஆனா இது மானாவாரிக் காட்டுல மேஞ்சது. காத்துச் சத்தம் தவிர ஒண்ணும் கேட்டதில்ல. அங்கன வந்தா இதுவும் பறக்கத்தான் செய்யும். கம்பெனிப் பக்கமே பொரிச்சு வளந்த நாட்டுக்கோழியாப் பாரு."

அடுத்த விடுமுறையில் ஆனைக்குட்டத்துக்குப் போனேன். அணைக்குப் போகும் வழியில் ஒரு அம்மா வீட்டில் நாட்டுக்கோழிகள் நிறைய மேய்ந்தன. சற்றுத் தள்ளிப் பட்டாசுக் கம்பெனிகளின் ஷெட்டுகள் தெரிந்தன. எந்தக் கோழி வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார். கொஞ்சம் இருந்து பார்க்கிறேன் என்றேன். மோர் கொடுத்தார். வெயில் சாயத் தொடங்கியும் நான் எழவில்லை.

"நீங்க கோழி பாக்க வந்தீகளா, மாப்பிள்ளை பாக்க வந்தீகளா?" என்று சிரித்தார்.

விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் வெடிக்காகக் காத்திருந்தோம்.

வெடித்தது. சேவல் ஒரு தடவை கொக்கரித்தது. சில கோழிகள் நான்கு எட்டு ஓடி நின்றன. கழுத்தில் இறகே இல்லாத, சிவந்த தோல் தெரியும் ஒரு கோழி மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குப்பையைக் கிளறியது. கழுத்தறுத்தான் என்று எங்கள் பக்கம் சொல்லும் வகை அது. அதையும் அதனுடன் பொரித்த இரண்டு பெட்டைகளையும் ஒரு சேவலையும் கூடையில் வைத்துக் கொண்டுவந்தேன்.

கூடையைத் திறந்ததும் இவர் முகத்தைச் சுளித்தார். "ஏ புள்ள, இம்புட்டு அசிங்கமாவா ஒரு கோழி இருக்கும்?" என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என்னிடம் அவராகக் கேட்ட ஒரு கேள்வி அது. நான் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவை அந்த வெள்ளைக் கோழிகள் அளவுக்கு முட்டை இடவில்லை. ஆனால் வெடிக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கின, மறுபடி குனிந்து மேய்ந்தன. முதல் சில நாட்கள் இவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார். பிறகு பிடி தளர்ந்தது. கழுத்தறுத்தான் அவர் கால் நகத்தைக் கொத்தும், அவர் ஏசுவார். கம்பு ஊறவைத்துப் போடுவது, தண்ணீர் மாற்றுவது, கூட்டைக் கழுவுவது எல்லாம் அவர் வேலையாயிற்று.

மழைக்காலம் முடிந்ததும் கழுத்தறுத்தான் அடைக்கு உட்கார்ந்தது. பொரிக்கும் காலையில் இவர் ஒரு முட்டையை எடுத்து, உள்ளே குஞ்சு கத்துகிறதா என்று கேட்க, பழக்க தோசத்தில் காதருகே கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. முட்டையை உள்ளங்கையில் வைத்து மெல்ல மூடிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து அதில் அந்த முட்டையை வைத்தார். ஓட்டுக்குள் குஞ்சு கீச்சிடுவது எனக்குக் காதிலும் கேட்டது, தோலிலும் அதிர்ந்தது.

"உள்ள கிடந்து கூப்பிடுதுடி" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து, அன்றைக்கு அந்த மருந்து அறைக்குள் போனவர்களை நினைத்து வாய்விட்டு அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிந்த பிறகு, இவரை அண்ணே என்று கூப்பிட்டவரின் மனைவியைப் பார்க்கப் போகலாம் என்று அவரே சொன்னார். இரண்டு பெட்டைக் குஞ்சுகளை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துப் போனோம். அந்தப் பெண் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். கணவர் படத்துக்கு அன்றைக்குக் கட்டிய பூவைப் போட்டிருந்தாள்.

"வர முடியலம்மா. இந்த வாசலை மிதிக்க எனக்குத் தைரியம் வரல" என்றார் இவர்.

அவள் அவர் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக உதட்டை அசைத்துக் கேட்டாள். "அவுக கடைசியா உங்ககிட்ட என்னண்ணே பேசினாக?"

இவருக்குப் புரிந்தது. "டீ வந்திருச்சான்னு பாக்கச் சொன்னான். தனக்குச் சீனி கம்மியாப் போடச் சொன்னான். வேற ஒண்ணும் பேசலம்மா" என்றார்.

அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். "ஆமா, சீனி கம்மியாத்தான் குடிப்பாக" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பெட்டியைத் திறந்து, குஞ்சுகளுக்கு அரிசி எடுத்துவந்து போட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மனுசனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் ஒரே சைக்கிளில் போனது, அந்த நண்பருக்கு மகள் பிறந்தபோது கம்பெனி முழுக்க மிட்டாய் கொடுத்தது எல்லாம். தன் குரல் தனக்குக் கேட்காததால் சத்தமாகத்தான் பேசினார். முன் சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாகப் பேசுங்கள் என்று நான் சொல்லவில்லை.