வீண் நேரம், ஒரு நிமிடம்

நாற்பத்தேழு வயதில் பகுதிநேர எம்.இ. சேர்ந்தேன். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். உற்பத்தித்திறனைக் கூட்டுவதுதான் பாடம் என்றதும் வீட்டில் சிரிக்காதவர் இல்லை.

புராஜெக்டுக்காக அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பட்டறையில் ஸ்டாப்வாட்சும் கையுமாக உட்கார்ந்தேன். செல்வியம்மா டிரில்லிங் மெஷினில் இரும்புத் தகடுகளுக்கு ஓட்டை போடுவார்.

"இன்னா சார், மூச்சு உடறதையும் எழுதிக்கினியா?"

இருபது தகடு முடிந்ததும் தட்டோடு எழுந்து, கோடியில் தகடுகளைச் சோதிக்கும் மேரியிடம் ஒரு நிமிடம் பேசிவிட்டு வருவார். 'அரட்டை, வீண்' என்று எழுதினேன். தகடுகள் தானே சறுக்கிப் போக ஒரு சரிவுப் பலகை வைத்து, யாரும் எழக் கூடாது என்றும் சொன்னேன். முதலாளி பூரித்துப்போனார்.

மூன்றாம் நாள் அத்தனை தகட்டிலும் ஓட்டை விலகியிருந்தது. "நாளையிலிருந்து வராதே" என்று செல்வியம்மாவிடம் முதலாளி கத்தினார்.

செல்வியம்மா நேராக என்னிடம் வந்தார். "நாங்க கதையா பேசிக்கினு இருந்தோம்? ஓட்டை நகருதுன்னு மேரி சொல்லும், நான் வந்து மெஷினை இறுக்குவேன். இந்த சத்தத்துல அங்கேர்ந்து கத்துனா காதுல உழுமா சார்?"

முதலாளி அறைக்குப் போய், தப்பு என்னுடையது என்றேன். மறுநாள் பலகை போய்விட்டது, செல்வியம்மா வந்துவிட்டார்.

பழக்கதோஷத்தில், முதலாளி அறைக்குப் போனதையும் அளந்திருந்தேன். ஒப்புக்கொள்ள ஒன்பது நொடி. அதற்கு முன் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றது நாற்பது நிமிடம். என் அறிக்கையில் 'வீண்' என்ற தலைப்பின் கீழ் இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது.