பாதியில் எழுந்து போனவர்

இலங்கையின் தேயிலை மலைகளில் உள்ள ஹட்டனில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் என் சிறுகதையை முதல்முறையாக எல்லோர் முன்னும் வாசித்தேன். முன்வரிசையில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர், சேலைக்கு மேல் ஆண்கள் போடும் பச்சை ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார். நான் வாசிக்கும் வார்த்தைகளைத் தானும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே கேட்டார். அந்த முகத்தை நம்பித்தான் வாசித்தேன். பாதிக் கதையில் அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீதியை எப்படியோ முடித்துவிட்டு, இனி எழுதவே வேண்டாம் என்று நினைத்தபடி பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

அங்கே, புறப்பட நின்ற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அவரே கூப்பிட்டார்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. இத விட்டா எங்க தோட்டத்துக்கு வேற பஸ் இல்ல. கொழும்புக்கு வேலைக்குப் போன அந்தப் புள்ள கடைசியில வீட்டுக்கு வந்துருச்சா?”

“வந்துருச்சுங்க. அம்மா கட்டிப் புடிச்சு அழுவாங்க. அதோட கதை முடிஞ்சிரும்.”

“அவ்வளவுதானா? இத்தன நாளா ஏன் வீட்டுக்கு ஒரு போன் கோல் எடுக்கலன்னு அம்மா கேக்கலையா?”

அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கதையின் முடிவை அடித்துவிட்டு, அந்தக் கேள்வியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினேன். மகளின் பதிலைக் கண்டுபிடிக்கப் பல வாரங்கள் ஆயின. இன்றும் எழுதுகிறேன், இன்றும் ஒவ்வொரு முடிவிலும் பயம்தான். அவர் என் கதையைப் பற்றித்தான் கேட்டாரா, இல்லை அவரும் யாருடைய கோலுக்காவது காத்திருந்தாரா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.