மஹாதேவ்தாவின் வலது கை

தொண்ணூறுகளில் லேக் கார்டன்ஸ் கிளப்பில் மஹாதேவன் கேரம் ஆட உட்கார்ந்தால், பக்கத்துச் சந்துகளிலிருந்தெல்லாம் ஆள் வந்து நிற்கும். துறைமுக அலுவலகத்தில் கணக்கு வேலை, சொந்த ஊர் மாயவரம். வங்காளித் தெருக்காரர்கள் பெயரைச் சுருக்கி, அண்ணன் என்று பொருள்படும் 'தா'வைச் சேர்த்து, 'மஹாதேவ்தா' என்று அவரைத் தங்களவராக்கிக் கொண்டார்கள். ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போய்விட்டால், யாராவது ஹரிக்கேன் விளக்கைப் பலகைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார்கள். கடுகெண்ணெய் மணக்கும் ஜால்முரி என்ற காரப்பொரிப் பொட்டலம் கை மாறும். அவர் சிவப்புக் காயைப் பலகையின் ஓரச் சட்டத்தில் இடித்துத் திருப்பிக் குழியில் போட்டால், ஜோடி ஆட்டக்காரரான நிர்மால்யா பெஞ்சின் மேலேயே ஏறி நின்று கத்துவார். அப்படியொரு காலம் அது.

2001இல் ஒரு நாள் மினி பஸ்ஸில் ஏறும்போது தலை சுற்றியது. காதுக்குள் ஏதோ கோளாறு என்று சொல்லி டாக்டர் ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார். சுற்றல் நின்றது, பயம் நிற்கவில்லை. மாதம் முடிந்த பிறகும் மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கி, காலைக் காப்பிக்குப் பின் ஒன்று என்று வருடக்கணக்கில் விழுங்கி வந்தார். வீட்டில் அதை மருந்தாகவே யாரும் நினைக்கவில்லை.

2006இல் வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் கையைச் சட்டைப் பைக்குள் மறைத்தார். பாலிகஞ்சில் நடந்த ஒரு போட்டியில் மறைக்க முடியவில்லை. ஸ்ட்ரைக்கர் விரலை விட்டு நழுவி, ஒரு காயையும் தொடாமல் ஓரத்தில் போய் நின்றது. எதிரணியில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அந்த மௌனம்தான் அவரைக் கொன்றது. அதன் பிறகு கிளப் பக்கம் அவர் போகவில்லை.

நடை குறுகியது. முகம் இறுகியது. பெங்களூரிலிருந்து மகள் அனன்யா வேலை கிடைத்ததாக ஃபோன் செய்தபோது, "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"ஏன்னா, நெஜமாவே சந்தோஷமா?" என்று அவர் மனைவி விஜயா கேட்டாள். "சித்த சிரிச்சாத்தான் என்ன?"

"சிரிச்சுண்டுதான்டி இருக்கேன்," என்றார் அவர்.

விஜயா சமையலறைக்குப் போய் அழுதாள்.

பார்கின்சன் நோயாக இருக்கலாம் என்று நினைத்த நரம்பு மருத்துவர், உறுதிசெய்துகொள்ள மூளையை ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் இருந்தவள் மஹிமா, தமிழ்ப் பெண், இளம் டாக்டர். ஊசி போடுவதற்கு முன் அவள் கேட்டாள்: "அங்கிள், என்னென்ன மருந்து சாப்பிடறீங்க?"

"பிரஷருக்கு ஒண்ணு. அவ்வளவுதான்."

"அந்தத் தலைசுத்தல் மாத்திரையையும் சொல்லுங்கோளேன்," என்றாள் விஜயா.

மஹிமா நிமிர்ந்தாள். "அது எத்தனை வருஷமா?"

அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு அவள் ஊசி போட்டாள். மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைக் கையாளும் நரம்பு முனைகளில் போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்து அது. சில மணி நேரம் காத்திருந்தபின் கேமரா அவர் தலையைச் சுற்றி வந்தது. அசையாமல் படுக்கச் சொன்னார்கள். அசையாமல் இருக்கத் தெரியாத கையை வயிற்றோடு கட்டிப் போட்டிருந்தார்கள்.

திரையில் வெளிச்சமாக இரண்டு வளைவுகள் தெரிந்தன. "கமா மாதிரி இருக்கு பாருங்க. பார்கின்சன்னா வால் தேஞ்சு வெறும் புள்ளியாயிடும். உங்களுக்கு முழுசா இருக்கு," என்றாள் மஹிமா. "நரம்பு நல்லாத்தான் இருக்கு அங்கிள். டோபமின் போய்ச் சேர வேண்டிய எடத்துல அந்த மாத்திரை உக்காந்து வழிய மறிக்குதுன்னு தோணுது. ஆனா நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, உங்க டாக்டர் சொல்லட்டும்."

டாக்டர் படத்தைப் பார்த்தார், மாத்திரையை நிறுத்தினார், பொறுமையாக இருக்கச் சொன்னார். மஹாதேவனுக்கு நிம்மதியைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, அதுவும் தன் மேலேயே. ஒரு வருடம் முழுக்க, செத்துப்போனவனைப் போலத் தன்னைத் தானே துக்கம் விசாரித்துக் கொண்டிருந்திருக்கிறாரே!

முகத்தின் அசைவுதான் முதலில் திரும்பியது. சில மாதங்கள் கழித்து ஒரு காலை, வாசலில் காய்கறிக்காரனோடு விலை பேசிக்கொண்டிருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். விஜயா கையிலிருந்த கூடையை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்து பார்த்தாள்.

கை தேற இன்னும் நாளாயிற்று. அடுத்த துர்கா பூஜை சமயத்தில் நிர்மால்யாவே வந்து அவரை அழைத்துப் போனார். கிளப்பில் பெரிய டிவி வந்திருந்தது. பையன்கள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகை மூலையில் சாய்ந்து கிடந்தது. இருவருமாக அதைத் தூக்கி வைத்துத் தூசி தட்டினார்கள். அன்று மஹாதேவன் தோற்றார், பிறகும் பல நாள் தோற்றார். களைத்தால் விரல் லேசாக நடுங்கும், அவ்வளவுதான். எப்போதாவது தலை சுற்றினால், மாத்திரையைத் தேடாமல், கட்டிலைப் பிடித்துக்கொண்டு அது தானே அடங்கும்வரை உட்கார்ந்திருப்பார்.