ஜோதிமணி டேப்லெட்டுக்குச் சந்தனம் வைத்த கதை

என் மருமகள் ஜோதிமணி பொறாமையில் டேப்லெட்டில் தண்ணீர் ஊற்றினாளாம்! ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு பாப்பாயி அப்படிச் சொல்கிறாள், நான் பின்னாலேயே நிற்பது தெரியாமல்.

"நீ கண்ணாலே பாத்தியாடி?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குப் பாக்கோணும்? எம் மருமகன் விஜய்குமாரு அந்த மியூசியத்துலதானே டிக்கெட் குடுக்குறான்."

"வாசல்ல டிக்கெட் குடுக்குறவனுக்கு முதுகுலயும் கண்ணு இருக்குதா?"

வரிசையே சிரித்தது. பாப்பாயி விடவில்லை. "அக்கா, உங்க மருமகளே இதே எடத்துல நின்னு சொன்னா. அந்தப் பொட்டி வந்ததுல இருந்து எம் வாய்க்கு வேலை இல்லைன்னு. நாலு பேரு கேட்டோம்."

சொன்னாள்தான். சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சிரிப்பை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் மருமகன் காதில் போட்டது யார்? அதனால்தான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும், எங்கள் மேட்டகள்ளித் தெருக்களில் படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கட்டும்.

ஜோதிமணி கர்நாடக எல்லையோரத்துக் கௌதள்ளிப் பெண். ஏழாவது வரை கன்னடப் பள்ளியில் படித்தாள். என் மகன் உதயகுமாரைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தாள். ஒரு டிரஸ்டு நடத்தும் மியூசியத்தில் கூட்டித் துடைக்கச் சேர்ந்து பதினாலு வருஷம் இருந்தாள். அங்கே பலகையெல்லாம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருக்கும். சேலம், ஈரோடு பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் எதைப் படிப்பார்கள்? விளக்குமாறோடு நிற்கிற இவளிடம் வந்து கேட்பார்கள். இவள் சொல்லுவாள்.

அங்கே பழைய தானியக்குழி ஒன்று இருக்கிறது. பூமிக்குள் தோண்டி, ராகியைக் கொட்டி, வாயை மண்ணால் மூடிவிடுவது. பல வருஷம் கழித்துத் திறந்தால் உடனே ஆள் இறங்கமாட்டார்கள். முதலில் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே கெட்ட காற்று. ஜோதிமணி அதைச் சொல்லும்போது இல்லாத கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்குவாள். குழந்தைகள் மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேனேஜர் ஹேமந்த் பெரிய மனிதர்கள் வந்தால் அவளிடம்தான் கூட்டிவருவார்.

கொரோனா முடிந்து டேப்லெட் வந்தது. ஏழு கம்பம், ஏழு டேப்லெட். விரலை வைத்தால் குழி திறக்கும், விளக்கு இறங்கும், அணையும். எந்தப் பாஷை வேண்டுமோ அதில் பேசும். தமிழுக்கு ஜோதிமணியை இரண்டு நாள் ஒரு அறையில் உட்காரவைத்துக் குரலைப் பதிவு செய்தார்கள். இங்கிலீஷில் ஒரு காகிதம் நீட்டினார்கள். என்ன ஏது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "அத்தை, நான் செத்தாலும் எங் குரலு அங்கயே இருக்குமாம்" என்றாள்.

அதற்கப்புறம் யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. சிப்ஸ் தின்ற கையோடு பிள்ளைகள் தொட்ட கண்ணாடியைத் துடைப்பதுதான் வேலை. அதைத்தான் ரேஷன் கடையில் வேடிக்கையாகச் சொன்னாள். வருத்தம் இருந்ததா? இருந்தது. ஆனால் தன் குரல் இருக்கிற பெட்டியில் எவளாவது தண்ணீர் ஊற்றுவாளா?

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன். தசரா சமயத்தில் மைசூரில் சாவிக்கும் சைக்கிளுக்கும்கூடப் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். மியூசியத்திலும் வருஷா வருஷம் டிக்கெட் மிஷின், வேன், விளக்குமாறு எல்லாவற்றுக்கும் பூஜை செய்வது ஜோதிமணிதான். அந்த வருஷம் டேப்லெட்டுக்கு ஒரு பூ மட்டும் வைத்தாள். ஹேமந்துக்கு அது போதவில்லை. "போட்டோல தெரிய வேண்டாமா ஜோதி? சந்தனம் நல்லா இடு" என்றார். இட்டாள். மாவிலையில் தண்ணீர் தொட்டுத் தெளித்தது அவர். ஏழுக்கும் தெளித்தார். போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விஜயதசமி. நிற்க இடமில்லாத கூட்டம். நாலு டேப்லெட் கண்ணே திறக்கவில்லை. கம்பெனி ஆள் வந்து கழற்றிப் பார்த்தான். சார்ஜ் போடும் ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து கிடந்தது, உள்ளே ஈரம். டிரஸ்டுக்காரர்கள் ஹேமந்தைக் கேட்டார்கள். ஹேமந்த் விஜய்குமாரைக் கேட்டார். அவன் தன் மாமியார் பாப்பாயி சொன்னதைச் சொன்னான். அவ்வளவுதான், ஊற்றியது அவள் ஆகிவிட்டது.

சந்தனம் வைத்தது அவள்தான். அந்த ஈரம் எங்கே போகும் என்று அவளும் யோசிக்கவில்லை. அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் யோசிக்காதது வேறு, பொறாமை வேறு.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போகும்போது என் மகன், "எதுல கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டுட்டு வா. வேலை முக்கியம்" என்றான். நானும் கூடப் போனேன். கன்னடத்தில்தான் பேசினார்கள், நான் தமிழில் சொல்கிறேன்.

ஹேமந்த் ஒரு கடிதத்தைத் தள்ளினார். "கையெழுத்துப் போடும்மா. வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நான் பேசிட்டேன்."

இந்தத் தடவை காகிதம் கன்னடத்தில் இருந்தது, அவள் படித்தாள். விரலை வைத்து, வரி வரியாக. ஒரு இடத்தில் விரல் நின்றது.

"வேணும்னே தண்ணி விட்டேன்னு போட்டிருக்குது சார்."

"அது சும்மா எழுதுற வாசகம்."

"சும்மான்னா எடுத்துருங்க. தெரியாம சந்தனம் வெச்சேன்னு எழுதுங்க, இப்பவே போடறேன்."

அவர் பேனாவை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"அந்தப் போட்டோ எங்க சார்? நீங்க தெளிச்சது?"

"அதெல்லாம் டிலீட் ஆகிருச்சு."

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏப்பா, தெளிச்ச கையாவது இருக்குதா, அதுவும் அழிஞ்சு போச்சா?" என்றேன். ஜோதிமணி என் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"அப்ப எங் குரலை எடுத்துருங்க சார்."

"அது கம்பெனியோடது. நீதான் கையெழுத்துப் போட்டியே."

அவள் கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தாள். தன்னிடமிருந்த மியூசியத்துச் சாவிக்கொத்தை அதன்மேல் வைத்தாள். எழுந்துவிட்டாள்.

வெளியே போக அந்தத் தானியக்குழியைத் தாண்டித்தான் போகவேண்டும். தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று புது டேப்லெட்டைச் சுற்றி நின்றது. உள்ளேயிருந்து இவள் பேசிக்கொண்டிருந்தாள்: "மொதல்ல வெளக்கை எறக்கிப் பாப்பாங்க..." ஜோதிமணி ஒரு நிமிஷம் நின்றாள். அவள் கை தானாகக் கயிற்றை இறக்குவது போல அசைந்ததைப் பார்த்தேன்.

அந்தக் குடும்பத்து அம்மா திரும்பினாள். "கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது" என்றாள்.

ஜோதிமணி விலகிக்கொண்டாள். விலகினவள் அப்படியே வாசலைத் தாண்டி இறங்கிவிட்டாள். டிக்கெட் ஜன்னலில் விஜய்குமார் தலையைக் குனிந்துகொண்டான்.