ஒரே பையில் இரண்டு ஷூ

ஓசூரில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் சாயங்காலத்துக்கு மேல் யாரும் வாசலில் உட்கார மாட்டார்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கழற்றிப் போட்ட சேஃப்டி ஷூக்கள் அங்கே வரிசையாக நாறிக்கொண்டு கிடக்கும். அதில் ஒரு ஜோடி என் அம்மாவுடையது. சிங்காரப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர், கம்பெனி வேலைக்கு வந்த பிறகுதான் காலில் ஷூ போட்டார்.

அந்த நாற்றத்தை வைத்தே தொழில் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றியது கல்லூரி அறிவிப்புப் பலகையைப் பார்த்தபோது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் தொழில் தொடங்க மானியம். யோசனையோடு மாதிரியும் கொண்டு வர வேண்டும். நானும், பேரிகையிலிருந்து வரும் என் தோழியும் சேர்ந்து விண்ணப்பித்தோம். தையல் கடையில் மிஞ்சிய துணியில் சின்னப் பைகள் தைத்து, கரித்தூளும் காய்ந்த வேப்பிலையும் கொஞ்சம் கற்பூரமும் அடைத்தோம். அம்மாவின் ஷூவில் போட்டுப் பார்த்தோம். வாடை போயிருந்தது.

தேர்வுக் குழுவுக்குக் காட்ட அந்த ஷூ போதாது, இன்னும் வீரியமானது வேண்டும் என்றாள் தோழி. பக்கத்து வீட்டு அண்ணன் சிவகங்கைக்காரர், இரும்பு வார்க்கும் கம்பெனியில் வேலை. மறுநாள் அவருக்கு லீவு. கேட்டதும் கூச்சப்படாமல் கொடுத்தார். வலது ஷூவில் மட்டும் இரவு முழுக்கப் பையைப் போட்டு வைத்தோம். காலையில் இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, கிருஷ்ணகிரி பஸ் ஏறினோம்.

ஏசி அறை, ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. குழுவில் ஒரு வங்கி மேடம், ஒரு பேராசிரியர், ஒரு கம்பெனி மேலாளர். தோழி இடது ஷூவை மேஜைமேல் வைத்ததும் மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டார். நாங்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான். பிறகு நான் பெருமையோடு வலது ஷூவை நீட்டினேன். முகர்ந்து பார்த்த பேராசிரியரின் முகம் போன போக்கிலேயே தெரிந்துவிட்டது. வழி நெடுக ஒரே பையில் கிடந்ததில், இடது ஷூ வலதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

பதற்றம் வந்தால் தோழிக்கு வீட்டுத் தெலுங்குதான் வாயில் வரும். அவள் ஏதோ சொல்ல, தெலுங்கு தெரிந்த மேலாளர் மட்டும் சிரித்தார். ஒரே பையில் கட்டியது நான்தான் என்று காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

"ஆமாங்க சார்," என்றேன். "ஆனா காலையில நெஜமாவே வாடை இல்லீங்க."

புதுசாகக் கரித்தூள் பை இரண்டு இருக்கிறதா என்று மேலாளர் கேட்டார். கொடுத்தேன். நேராகத் தொழிற்சாலையிலிருந்து வந்தவர், மேஜைக்கு அடியில் தன் ஷூக்களைக் கழற்றி அவற்றுக்குள் அந்தப் பைகளைப் போட்டார். மேடம் நாற்காலியைச் சற்றே தள்ளிப் போட்டுக்கொண்டார். எங்களைச் சாயங்காலம்வரை இருக்கச் சொன்னார்கள். அடுத்தடுத்து உள்ளே போனவர்கள், மேலாளர் வெறும் சாக்ஸோடு கேள்வி கேட்பதாக வெளியே வந்து சொன்னார்கள்.

சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டபோது மேடம்தான் பேசினார்.

"நான் நாற்காலிய பழைய எடத்துலயே போட்டுக்கிட்டேன்மா. உங்க பேர சிபாரிசு பண்றோம்."

மானியம் வந்து சேர்ந்தபோது நாங்கள் அதை ஏறக்குறைய மறந்தே போயிருந்தோம். தையல் மெஷின் வாங்கி தோழி வீட்டில் போட்டோம். கம்பெனி பஸ்ஸில் அம்மாதான் விற்கிறார். மல்லிகை வாசனையில் கிடைக்குமா என்று பெண்கள் கேட்கிறார்களாம். "எம்பொண்ணு நாத்தத்துல பொழைக்கிறா" என்று அவர் எல்லாரிடமும் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. தோழிக்கு மிகவும் பிடித்துவிட்டது. பாக்கெட்டின்மேல் அச்சடிக்கலாம் என்கிறாள்.